ஊறிவிட்ட உளுந்து

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் நாம் வைகை மணலை விட்டு எழுந்து வந்தபோது, முத்திருளன் உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தான். சிம்மக்கல் வட்டாரத்து ஓட்டல் சப்ளையர்களும் சமையல்காரர்களும் அவனைச் சுற்றி நின்றார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஒருவரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை, ஒருவரும் இலை போடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும். மேனேஜர்கள் கை நீட்டக்கூடாது. காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தக்கூடாது.

பஞ்சாலைத் தொழிலாளி யேசுதாஸ் சங்கத்துக்குத் தலைவர். முத்திருளன் செயலாளர். கூட்டம் அமோகமாகத்தான் நடந்தது. ஒரே ஒரு குறை. அங்கே மீசையை முறுக்கிக்கொண்டு நின்றவர்களில் ஒருவருக்குக்கூட மாவாட்டத் தெரியாது.

இன்று வியாழக்கிழமை.

செல்லூரில், விடிந்தும் விடியாமலும், முத்திருளனின் மனைவி மாயக்காள் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, ஓட்டல்காரரு இன்னைக்கு வருவாரா?" என்றாள் அன்னக்கொடி.

சீப்பு நின்றது. "அப்பான்னு சொல்லு."

"அப்பா ஓட்டல்காரரு வருவாரா?"

பிள்ளைமேல் குற்றமில்லை. பூரண விலாஸ் மிலிட்டரி ஓட்டலில் கடை சாத்தியதும் சப்ளையர்கள் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேலேயே படுப்பார்கள். விடியுமுன் எழுந்து அதே மேஜைகளைக் கழுவுவார்கள். அமாவாசையன்று ஊரில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள் என்பதால் அன்று மட்டும் அரை நாள் வீட்டுக்கு விடுவார்கள். அமாவாசைக்கு அமாவாசை தலைகாட்டுகிற மனிதரை நாலு வயதுப் பிள்ளை வேறு எப்படித்தான் கூப்பிடும்?

மாயக்காளுக்கும் அதே ஓட்டலில்தான் வேலை. ஆனால் அவள் பார்த்த ஓட்டலே வேறு. சப்ளையர்களுக்கு முன்வாசல். மாவாட்டுகிற ஆறு பெண்களுக்கும் பின்சந்து. நடுவே அடுப்படி. முன்னே இருப்பவர்கள் பின்னே வருவதில்லை, பின்னே இருப்பவர்கள் சாப்பாட்டுக் கூடத்தை எட்டியும் பார்க்கக்கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் பகலெல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல். கூடத்திலிருந்து "நாலு இட்லி, ஒரு கோலா உருண்டை!" என்று முத்திருளன் கூவுவது கேட்டால், இன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் இல்லை என்று அவள் தெரிந்துகொள்வாள். அவ்வளவுதான் அவர்கள் தாம்பத்தியம்.

நாளைக்கு ஸ்டிரைக் என்பதையே அவள் புருஷன் வாயால் கேட்கவில்லை. பஞ்சாலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள் என்று அவர் சொன்னதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. வாரத்தில் ஒரு நாள் அந்த மனிதர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே கூச்சமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாசி மாதத்து வறண்ட ஆற்று மணலில் விறுவிறுவென்று நடந்தாள்.

* * *

பின்கட்டில் மூத்தவளான சோணையம்மாள் அண்டாக்களின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாத்தா மாயக்கா. வந்து இந்தக் கூத்தப் பாரு. அரிசி, உளுந்து எல்லாம் ரெண்டு பங்கா ஊறப் போடணுமாம். மேனேஜர் சொல்லிட்டுப் போறாரு."

"ரெண்டு பங்கா? நாளைக்கு என்னா, திருவிழாவா?"

"திருவிழாதான். மாடிப்படியப் பாரு."

மாடிப்படியில் புது ஆட்கள் சிலர் உட்கார்ந்து பழைய சோறு தின்றுகொண்டிருந்தார்கள். தோளில் புதுத் துண்டு. திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் என்று அற்புதமேரி காதோடு சொன்னாள். அற்புதமேரியும் மாயக்காளும் ஒரே ஆட்டுரலுக்கு ஜோடி.

மாயக்காளுக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. மற்ற வேலைகள் எல்லாம் வெள்ளிக்கிழமை விடிந்துதான் தொடங்கும். இட்லி அப்படியில்லை. வியாழக்கிழமை காலையில் ஊறப்போட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்ட உட்கார்ந்து, பொழுது சாய வழித்து வைத்தால்தான் வெள்ளிக்கிழமைக்குப் பொங்கி நிற்கும். ஓட்டலுக்கு நாளை என்பது இன்று மத்தியானமே பிறந்துவிடுகிறது. இதை மணலில் நின்று சத்தியம் செய்தவர்கள் யோசிக்கவில்லை. முதலாளி யோசித்திருக்கிறார்: மற்ற ஓட்டல்கள் மூடினால் கூட்டமெல்லாம் இங்கேதான், அதற்குத்தான் இரண்டு பங்கு. மாவு தயார், பரிமாற ஆள் தயார். நாளைக் காலையில் கடை திறந்துவிட்டால் சங்கம் அதோடு சரி.

இனி அடுப்பு ஒன்றுதான் பாக்கி. அந்த அடுப்பின் முன்னால் நின்றவர் அவள் மாமனார் கருத்தக்கண்ணன்.

பூரண விலாஸ் திறந்த நாளிலிருந்து அவர்தான் மாஸ்டர். கறிக்குழம்பில் அவர் கைமணத்துக்காகவே திருமங்கலத்திலிருந்து ஆள் வரும். மகன் செயலாளராக இருக்கும் சங்கத்தின் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. மகனோடு இந்த வாரம் முழுதும் பேசவும் இல்லை.

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற சாக்கில் மாயக்காள் அடுப்படிக்குள் போனாள்.

"மாமா, நாளைக்கு..."

"தெரியும்." அவர் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் அடுப்புப் பத்த வைப்பேன். ஒம் புருசன்கிட்டச் சொல்லிரு."

"அவுக நல்லதுக்குத்தான மாமா கேக்குறாக?"

"நல்லது கெட்டது எனக்குத் தெரியாது. மழை தண்ணி இல்லாம, கோவணத்தோட ஊரைவிட்டு வந்தவன் நான். இந்த அடுப்புத்தான் சோறு போட்டுச்சு. இது அணைஞ்சு கெடக்குறத என் கண்ணால பாக்க மாட்டேன்." பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். "ஆமா, நீ ஏன் தவிக்கிற? வாரத்துல ஒரு நாள் லீவுன்னு கேக்குறானுகளே, அதுல ஒனக்கு உண்டா? ஒங்கள ஒரு பய கூப்பிட்டானா?"

கிழவர் சுருக்கென்று குத்திவிட்டார், குத்தியது சரியான இடத்தில்.

* * *

முத்திருளனிடம் பேசியாக வேண்டும். இரண்டு மணிக்கு முன்னால் பேசியாக வேண்டும். பின்னாலிருந்து கூடத்துக்குள் நுழைந்தால் அடுப்படி தாண்டுமுன் மேனேஜர் கத்துவார். ஆள்விட்டுச் சொல்லலாமென்றால் யார் யாருக்கு வேண்டியவர் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

மாயக்காள் யோசித்தாள். வீட்டுக்குப் போகும்போது உடுத்துவதற்காகப் பின்கட்டில் ஆணியில் மாட்டியிருந்த சிவப்புக் கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கட்டினாள். முகத்தைக் கழுவினாள்.

"எங்கிட்டுடி போற?" என்றாள் அற்புதமேரி.

"சாப்புடப் போறேன்."

பின்சந்து வழியாக வெளியே வந்து, தெருவைச் சுற்றி, பூரண விலாஸின் முன்வாசலில் ஏறினாள். அந்தப் படியில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

கல்லாவில் மேனேஜர் கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மாயக்காள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்கம்மா, வாங்க! ஸ்திரீ ரூம் அந்தப் பக்கம். கூட யாரும் வரலீங்களா?"

"பின்னால வாராக," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

தினமும் பின்கட்டுக்கு வந்து அவளை அதட்டுகிற மனிதர். ஒருநாளாவது முகத்தைப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்!

ஸ்திரீ ரூம் என்பது ரூம் இல்லை. கூடத்தின் மூலையில் பச்சைத் திரை கட்டி, உள்ளே ஒரு மேஜை போட்டு, சந்தைக்கு வருகிற குடும்பத்துப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் சாப்பிடுவதற்காக முதலாளி செய்த ஏற்பாடு. அந்தப் பக்கம் பரிமாறுவது முத்திருளன்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தவறவிடப் பார்த்தான்.

"ஏய், நீ இங்கிட்டு என்னா பண்ற?"

"சாப்புட வந்துருக்கேன். இலை போடுங்க."

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? மேனேஜர் பாத்தாருன்னா..."

"பாத்தாரு. வாங்கம்மான்னாரு. நீங்க இப்பிடி நின்னீகன்னாத்தான் சந்தேகப்படுவாக. இலையப் போடுங்க."

அவன் இலை போட்டான். அவள் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"நாளைக்கு இட்லிக்கு மாவு எப்ப ஆட்டுவாக?" என்று கேட்டாள்.

வருஷக்கணக்காக இட்லி பரிமாறுகிற முத்திருளன் முகத்தில் அப்படி ஒரு திகில். அவன் சோற்றுக் கூடையை எடுக்கப் போனான்.

சோறு வந்தது.

"ரெண்டு பங்கு ஊறப் போட்டுருக்காக," என்றாள் அவள். "மாடிப்படியில திண்டுக்கல் ஆளுக. பாத்தீகளா?"

"அதெல்லாம் தெரியும். மாவு இருந்து என்னா செய்ய? மாஸ்டர் அடுப்புப் பத்த வச்சாத்தான?"

"மாஸ்டர் ஒங்கப்பன். பத்த வைப்பேன்னு என் மொகத்துக்கு நேராச் சொல்லிட்டாரு."

வெளியே யாரோ "தம்பி, குழம்பு!" என்று கூப்பிட்டார்கள். ஓடினான். குழம்பு வாளியோடு திரும்பி வந்தபோது நெற்றி வேர்த்திருந்தது.

"அப்ப இன்னைக்கு ஆட்டாதீக."

"யாரு?"

"நீங்க. ஆறு பேரும். கல்லத் தொடாதீக. மாவு இல்லேன்னா அப்பா அடுப்புல என்னத்த வைப்பாரு?"

மாயக்காள் குழம்பைச் சோற்றில் பிசைந்தாள். சூடான கறிக்குழம்பு. அவர்கள் பின்கட்டில் தின்பது எல்லாரும் தின்று முடித்தபின் சட்டியில் ஒட்டியது. அவள் ஒரு வாய் எடுத்து வைத்து, மென்று, விழுங்கினாள்.

"எங்கள யாரு கூப்பிட்டீக?"

"இப்பக் கூப்பிடுறேன்ல?"

"வேலையப் போட்டுட்டு வாங்கன்னு கூப்பிடுறீக. லீவு வாங்கித் தாரேன்னு கூப்பிடலையே. சோணையம்மா அக்கா காய்ச்சலோட வந்து ஆட்டுது. அற்புதம் புள்ளை பெத்த மாசமே வந்து ஒக்காந்துச்சு. எங்களுக்கு அமாவாசையும் இல்ல, பௌர்ணமியும் இல்ல. ஒங்க கோரிக்கையில எங்க பேரு எங்க இருக்கு?"

"பொம்பளைகளச் சங்கத்துல சேக்குறதுன்னா... தலைவரக் கேக்கணும் புள்ள. ஆலைக்கு ஆளு விட்டு..."

"கேட்டுட்டு வாங்க. கல்லு ரெண்டு மணிக்குச் சுத்தும்."

"மாயக்கா..."

"ரசம் ஊத்துங்க."

ரசம் ஊற்றினான். அது இலையைத் தாண்டி மேஜையில் வழிந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு, இலையை மடித்தாள்.

"ஸ்திரீ ரூம், ஒரு சாப்பாடு!" என்று முத்திருளன் கல்லாவைப் பார்த்துக் கூவினான்.

முந்தானையில் முடிந்திருந்த காசை அவள் கல்லாவில் வைத்தபோதுதான் வினை வந்தது. காசை எடுக்கக் கை நீட்டிய கண்ணுச்சாமி அவள் விரல்களைப் பார்த்தார். தண்ணீரிலேயே ஊறி வெளுத்து, நகக்கண்ணில் மாவு காய்ந்த விரல்கள். பார்வை மெல்ல மேலே ஏறியது.

"நீ... பின்னால மாவாட்டுறவள்ல?"

"ஆமா. இப்ப முன்னால சாப்புட்டேன்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் கண்ணுச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"எம்புட்டுத் திமிரு! மேஜையில ஒக்காந்து திங்கிற அளவுக்கு வந்துருச்சா? இனி பின்வாசப் பக்கம் ஒன் நெழலு பட்டுச்சு, தோலை உரிச்சிருவேன். வேலையும் வேணாம், வெங்காயமும் வேணாம். போ வெளிய!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாயக்காளும் திரும்பிப் பார்த்தாள், புருஷனை.

காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று சூடம் அணைத்தவன், வாளியைக் கையில் பிடித்தபடி, வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் படியிறங்கினாள். வேலை போனதைவிட அந்த வாளிதான் அவளைச் சுட்டது.

* * *

பின்சந்தில், வாசற்படிக்கு வெளியே நின்றபடி, நடந்ததை மற்ற ஐந்து பேருக்கும் சொன்னாள். உரல்களைக் கழுவி வைத்திருந்தார்கள். அண்டாவில் உளுந்து ஊறிப் பருத்துக் கிடந்தது, உரிந்த தோல் மேலே மிதந்தது.

"நீ இல்லாம எனக்கு யாருடி தள்ளுவா?" என்றாள் அற்புதமேரி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

பூரண விலாஸின் ஆட்டுரல்கள் வீட்டு உரல்களைப் போல அல்ல. குழவியைச் சுற்ற ஒருத்தி, எதிரே உட்கார்ந்து மாவைக் குழிக்குள் தள்ளிவிட ஒருத்தி. சுற்றுகிறவள் கையும் தள்ளுகிறவள் கையும் ஒன்றுக்கொன்று பழகியிருக்க வேண்டும். பழகாத ஜோடி உட்கார்ந்தால் தள்ளுகிறவளின் விரல் நசுங்கும். சோணையம்மாளின் இடது கையில் இரண்டு விரல்கள் கோணியிருப்பது அப்படித்தான்.

"கல்லத் தொட வேணாம்க்கா," என்றாள் மாயக்காள். "ஒரு நாள். இன்னைக்கு மட்டும்."

"ஒன் வேலை போச்சு, அதனால எங்க வேலையும் போகட்டுமா?" சோணையம்மாள் சிடுசிடுத்தாள். கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். "நாளைக்கே அவனுக லீவ வாங்கிட்டு முன்வாசல் வழியாப் போயிருவானுக. நாம இங்கனயே கெடப்போம். கூப்பிட வேண்டியவனுக வந்து கூப்பிடட்டும். அப்ப நிக்கிறேன்."

அடுப்படிக் கதவு படாரென்று திறந்தது. முத்திருளன் வந்து நின்றான். இடுப்பில் சப்ளையர் துண்டு இல்லை. அதைக் கல்லாமேல் எறிந்துவிட்டு வந்திருந்தான்.

"தலைவரக் கேக்கல," என்றான். மூச்சு வாங்கியது. "நானே சொல்றேன். லீவு ஒங்களுக்கும் சேத்துத்தான். பேரும் சங்கத்துல சேரும். மாயக்காளத் திரும்ப எடுக்குற வரைக்கும் ஒரு பய இலை போடமாட்டான்."

"வாளிக்குள்ள எதைத் தேடிக்கிட்டு இருந்தீக?" என்றாள் மாயக்காள்.

"பயந்துட்டேன் புள்ள." எல்லார் முன்னாலும் சொன்னான். "இப்பவும் பயந்தான்."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டாள்.

சோணையம்மாள் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "சூடத்துல பண்ணுன சத்தியம் ஆம்பளைகளுக்கு. எங்களுக்கு இங்கன பண்ணு. கல்லு மேல கைய வையி."

முத்திருளன் குனிந்து, ஈரமான ஆட்டுரலின்மேல் வலது கையை வைத்தான்.

"சத்தியம்," என்றான்.

ஆறு பெண்களும் சந்தில் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சப்ளையர்கள் ஒவ்வொருவராக, துண்டை உதறிவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை விடியத் தொடங்க வேண்டிய ஸ்டிரைக் வியாழன் மத்தியானமே தொடங்கிவிட்டது. முன்கட்டு ஆட்களும் பின்கட்டு ஆட்களும் ஒரே நிழலில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். என்ன பேசிக்கொள்வதென்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை.

உள்ளே கண்ணுச்சாமி குதித்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல் ஆட்களை மாவாட்டச் சொன்னார்.

"நாங்க பரிமாற வந்தோம்," என்றார்கள் அவர்கள். "மாவாட்டுறது பொம்பளை வேலைங்க. ஊர்ல தெரிஞ்சா மானம் போயிரும்."

மானம் எங்கெங்கேயோ வந்து உதவுகிறது! சந்தில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாயக்காளும் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே ஒரு கணம் நினைத்தாள்.

அப்போதுதான் அடுப்படியில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. கருத்தக்கண்ணன் கைகளைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி உளுந்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உரலின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முத்திருளன் பாய்ந்து உள்ளே போனான். "அப்பா, எந்திரிங்க."

"ஊறின உளுந்துடா. இன்னும் செத்த நேரம் போனா நுரைச்சுப் போயிரும். தின்கிற பொருளக் குப்பையில கொட்ட எனக்கு மனசு வராது."

"தனியா ஆட்ட முடியாதுப்பா. ஒங்க தோள்பட்டை..."

"நீ சத்தியம் பண்ணிட்ட. நான் பண்ணல. போ அங்கிட்டு."

முத்திருளன் திரும்பி வந்து மாயக்காளுக்குப் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தான்.

கல் சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று, நிறுத்தம். ஒரே ஆள் சுற்றுவதை விட்டுவிட்டு மாவைத் தள்ளி, மறுபடி குழவியைப் பிடிக்கிற சத்தம். சந்தில் இருந்த ஆறு பெண்களுக்கும் அந்தச் சத்தத்தில் எல்லாம் தெரிந்தது. இப்போது தோள் வலிக்கிறது. இப்போது கையை மாற்றுகிறார். இப்போது மூச்சு வாங்க நிற்கிறார். பல வருஷத்துக்கு முன் கொதிக்கிற அண்டாவைத் தனியாகத் தூக்கியதில் இறங்கிப்போன தோள் அது.

"கெழவன் செத்துருவான்டி," என்று சோணையம்மாள் முணுமுணுத்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

மாயக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து போய் எதிரே உட்காரச் சொல்லி அவள் கைகளே அவளை இழுத்தன. மாமா வலியில் முனகியது சந்து வரைக்கும் கேட்டது. முந்தானையைச் சுருட்டி இரண்டு கைகளையும் அதற்குள் இறுக்கிக்கொண்டாள். அன்னக்கொடியை நினைத்துக்கொண்டாள். அமாவாசை, அமாவாசை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கல் நின்றது.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஓய்ந்துவிட்டாரா? எழுந்துவிட்டாரா?

கல் மறுபடி சுற்றியது. இந்தத் தடவை நிற்கவில்லை. மெதுவாக, ஒரே சீராக, நிற்காமல் சுற்றியது.

அற்புதமேரி மாயக்காளின் கையைப் பிடித்தாள். "தள்ளுறதுக்கு ஆளு வந்துருச்சு."

மாயக்காள் பக்கத்தில் பார்த்தாள். சுவரோரம் முத்திருளன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

அவள் எழுந்தாள். நிழல்கூடப் படக்கூடாது என்று மேனேஜர் சொன்ன படியில் ஏறினாள். உள்ளே, கருத்தக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு குழவியைச் சுற்றினார். எதிரே முத்திருளன் மண்டியிட்டிருந்தான். சத்தியம் செய்த அதே வலது கை, மணிக்கட்டு வரைக்கும் மாவுக்குள் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. துடைக்க வழியில்லை. பழகாத கை, தப்பான நேரத்தில் குழிக்குள் போய்ப் போய் வந்தது.

கத்த வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். மண்டியிட்டவனைப் பார்த்தாள், கிழவரின் இறங்கிப்போன தோளைப் பார்த்தாள். கத்தத் தோன்றவில்லை. ஆனால் கோபம் போகவும் இல்லை.

"விரல் பத்திரம்ங்க," என்றாள்.

முத்திருளன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாவு ஆயிட்டா நாளைக்குக் கடை தொறப்பாக. அப்ப எங்களுக்கு இலை போடணும்ல? விடிஞ்சதும் நாங்க ஆறு பேரும் முன்வாசல் வழியாத்தான் வாரோம். ஸ்திரீ ரூம்ல இல்ல. நடுக்கூடத்துல."